இருபத்துநான்கு வோல்ட்டும் அரை மாத்திரையும்

பழகிய பாட்டைக் கேட்பதற்கு நல்ல ஒலிபெருக்கி தேவையில்லை. முதல் இரண்டு சுரங்கள் காதில் விழுந்தால் போதும். மீதியை நினைவு பாடிவிடும். கோயில் திருவிழாவில் கூம்புக் குழாய் கட்டிப் போடுகிற பாட்டு மூன்று வயல் தாண்டி நம் வீட்டுத் திண்ணைக்கு வரும்போது அதில் சொல் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனாலும் நாம் சொற்களோடுதான் கேட்கிறோம். ஏனென்றால் சொற்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. முன்பின் கேட்டறியாத ஒரு பேச்சு அல்லது ஒரு கதை அதே குழாயில் வரட்டும். நான்காவது வாக்கியத்தில் கவனம் அறுந்துவிடும்.

இந்த வேறுபாட்டை மொழியியல் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு லாரிக்குள் வேலை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

என் தாய்மாமன் நாமக்கல் பக்கம். சொந்தமாக ஒற்றை லாரி வைத்து, தாமே ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தேழு. இங்கிருந்து மகாராஷ்டிரத்துக்கு ஜவ்வரிசி மூட்டை, திரும்பும்போது பெரும்பாலும் வெங்காயம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் அவரைப் படிக்காதவர் என்று சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். ஒலிநாடாக் காலத்தில் வள்ளி திருமணம் நாடகம் முழுவதும் அவருக்குப் பாடம். பட்டிமன்றங்கள், திரைப்படக் கதை வசனங்கள், கிராமிய ஒப்பாரிகள் என்று ஒரு பெரிய பிரம்புக்கூடை நிறைய நாடாக்கள் வண்டியில் இருக்கும். எழுத்து வழியாக வராத இலக்கியம் காது வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு யாரோ அவருக்குப் பொன்னியின் செல்வன் வாசிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஐந்து பாகமும். நாக்பூர் போய்வரும் இரவுகளுக்கு வாகான நீளம்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. "மாப்ளே, பாட்டுன்னா நல்லாத்தான் கேக்குது. கதை போட்டா வாயில துணிய வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்குது. அந்தச் சாமியாரு பேரு என்னன்னே பிடிபடல" என்றார். ஆழ்வார்க்கடியான் என்றேன். "அதுதான். எனக்கு ஆவாக்கடியானுன்னுதான் விழுவுது."

அத்தைக்கு வேறு கவலை. மாமா வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். பேத்தி கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஒலிக்கூண்டில் உட்காரவைத்து எடுத்த வரைபடத்தில் இரண்டு காதும் 2000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாக வந்து, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கின. வலக்காதில் பள்ளம் ஆழம். இரைச்சலால் கெடும் காது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதலில் கெடும் என்றார் மருத்துவர். வலப்பக்கம் சன்னல், முப்பது ஆண்டுக் காற்றும் எதிர்வண்டிச் சத்தமும் அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கின்றன. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று முடித்தார். பாட்டை நிறுத்தச் சொல்வார் என்று அத்தை எதிர்பார்த்தார். மாமா முந்திக்கொண்டார்: "பாட்டு இல்லாம ரெண்டு மணிக்கு மேல நான் கண்ணு முழிச்சு ஓட்ட முடியாதுங்க டாக்டர்." அதற்கு எதிர்வாதம் யாரிடமும் இல்லை.

ஆக, சத்தம் குறைய வேண்டும். சொல் தெளிய வேண்டும். செலவு பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. டயர் வாங்கவேண்டிய மாதம் அது. வாங்கிப் பொருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஒலி ஒலின்னு பாடம் எடுக்கிறயல்ல, நீயே வா" என்பது மாமாவின் வாதம்.

*

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை அளவு தருகிறார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. பிறப்பியலில் ஒலி உந்தியிலிருந்து எழும் காற்றாகத் தொடங்கி, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களின் தொழிலால் வேறுவேறு எழுத்தாவதைச் சொல்கிறார். கருவிகள் இல்லாத காலத்து அவதானிப்பு. இன்று ஒலியலையைத் திரையில் வரைந்து பார்த்தாலும் அந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியும். பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி உயிரெழுத்துகளில், 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. பத்து, பட்டு, பற்று என்பவற்றைப் பிரிக்கும் செய்தியோ 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய பகுதியில், கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட நில்லாத சிறு வெடிப்புகளில் இருக்கிறது. பலம், பழம் என்னும் இரண்டும் 'அ' அளவில் ஒன்றே. நாவை வளைப்பதால் மேலே உள்ள ஓர் ஒத்திசைவு கீழிறங்குவதே ழகரம். அந்தப் பகுதி மங்கினால் தமிழின் சிறப்பு என்று நாம் மேடையில் சொல்லிக்கொள்வது முதலில் மறையும்.

இப்போது லாரியின் பக்கம் வருவோம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர்கள் வெடிக்கும். நொடிக்கு 25 சுற்று. எனவே 75 வெடிப்பு. அதாவது எஞ்சினே 75 ஹெர்ட்ஸில் ஓயாமல் முழங்கும் ஒரு பெரிய தவில். இரைச்சலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தாழ்ந்த ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலிகளை விழுங்கும், உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அந்த அளவு விழுங்க முடியாது. வண்டியில் ஏற்கெனவே ஒரு தவில் இருக்கும்போது, கடையில் போய் இன்னொரு தவிலை விலைகொடுத்து வாங்கி வைப்பதுதான் பெரிய பேஸ் பெட்டி.

சேலத்தில் நாங்கள் போன முதல் கடையில் அதைத்தான் காட்டினார்கள். கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். நாற்காலி அதிர்ந்தது. வண்டியில் க்ளீனராக வரும் பையன் முகம் மலர்ந்துவிட்டது. "பேஸ் இல்லாட்டி அப்புறம் என்னங்க செட்டு?" என்றான். பெட்டியின் மேல் நான்கிலக்க வாட் எண் பொன் எழுத்தில் இருந்தது. பக்கத்தில் பிஎம்பிஓ என்ற நான்கெழுத்து. அது ஒரு கணத்துக்கு, எப்படியோ, எதையோ கூட்டிப் பெருக்கி வரும் எண். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. பார்க்கவேண்டியது ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் சிறிய எண்.

நல்ல நிறுவனங்களின் செட்டிலும் முகப்பில் "50 வாட் x 4" என்றே எழுதியிருக்கும். இதைக் கணக்கிட்டுப் பார்க்கக் கல்லூரி இயற்பியல் தேவையில்லை. செட்டுக்குள் வருவது சுமார் 14 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த அழுத்தத்தைக் கொண்டு சிதையாமல் தரக்கூடியது ஏட்டளவில் 25 வாட்டை ஒட்டியே வரும்; நடைமுறையில் இன்னும் குறைவு, 15 முதல் 20. மீதி எழுத்துவேலை.

ஆனால் அந்தப் பதினைந்து வாட் தாராளம் என்பதுதான் எவரும் சொல்லாத செய்தி. ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம், யாரும் படிக்காத இடத்தில், உணர்திறன் என்று ஓர் எண் இருக்கும்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் என்பது. நாங்கள் பார்த்தவற்றில் ஒன்று 86, ஒன்று 92. ஆறு டெசிபல் தானே என்று தோன்றும். மூன்று டெசிபலுக்கு ஆற்றல் இரட்டிப்பாக வேண்டும் என்பதால் ஆறு டெசிபல் என்பது நான்கு மடங்கு. 86 வாங்கியவர் 80 வாட் ஆம்ப்ளிபயர் தேட வேண்டும். 92 வாங்கியவருக்கு 20 வாட்டில் அதே ஒலி. ஓட்டுநரின் தலை ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஒரே ஒரு வாட்டில் 92 டெசிபல் அவர் காதில் விழும். இதைக் கடையில் சொன்னபோது கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். தனி ஆம்ப்ளிபயர் எங்கள் பட்டியலிலிருந்து அந்த நிமிடமே போயிற்று.

*

வாங்கியதைவிடச் சோதித்த விதத்தைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். எங்கள் துறையில் ஆய்வு மாணவி ஒருவரிடம் முப்பது சொற்களைக் கொடுத்து இயல்பான குரலில் படிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். கலை, களை, கழை, பத்து, பட்டு, மனம், மணம், கறி, கரி என்று இணை இணையாக, ஆனால் வரிசையைக் கலைத்து. மாமா கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடையில் பாட்டைப் போட்டுக்காட்டுவார்கள். பாட்டு எல்லாப் பெட்டியிலும் நன்றாகவே இருக்கும். முன்பே தெரிந்த பாட்டு நம்மை ஏமாற்றும். தெரியாத சொல்லுக்கு அந்தத் தயவு கிடையாது.

வண்டியில் இருந்த பழைய செட்டில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில், முப்பதில் பதினொன்று சரி. கடையில் அதிர்ந்த பெட்டியில், வண்டி இரைச்சல் எதுவும் இல்லாமலேயே பதினெட்டு. 92 டெசிபல் ஆறரை அங்குல கோ-ஆக்சியல் இணையில், அதாவது கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் பொருத்தி வருவதில், அதே கடையில் இருபத்தாறு. விலை 2,600 ரூபாய். கடைக்காரரே கொஞ்சம் ஆர்வமாகிவிட்டார். வேறு இரண்டு இணைகளையும் தாமாக எடுத்து மாட்டிக்காட்டினார். அவற்றில் ஒன்று விலை இருமடங்கு, இருபத்தைந்துதான் வந்தது.

செட் 3,800. நீலப்பல், யுஎஸ்பி, எஃப்எம் உண்டு. குறுந்தட்டு கிடையாது, வேண்டியதும் இல்லை. அதில் நான் தேடிய ஒரே வசதி, குறிப்பிட்ட அலைவெண்ணுக்குக் கீழுள்ளதை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் வெட்டும் வடிகட்டி. அதை 120 ஹெர்ட்ஸில் வைத்தோம். எஞ்சினோடு மல்லுக்கட்டி வீணாகும் உழைப்பிலிருந்து கூம்பு விடுபட்டு, குரலுக்கு மட்டும் வேலை செய்யும்.

மின்சாரப் பகுதியில் லாரிக்காரர்கள் ஏமாறுவது அதிகம். காருக்கு 12 வோல்ட். லாரிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24. எஞ்சின் ஓடும்போது 28 வரை போகும். கார் செட்டை நேரே கொடுத்தால் புகைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். செலவில்லாத வழி. மாமாவின் பழைய செட்டும் அப்படித்தான் இணைக்கப்பட்டிருந்தது. இதில் ஒரு பேட்டரி மட்டும் நாளெல்லாம் கூடுதலாகக் கறக்கப்படுகிறது. ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே ஏற்றும். கறந்த பேட்டரி என்றும் பசியோடும், மற்றது அளவுமீறி உண்டும் இரண்டுமே காலத்துக்கு முன் போகும். மூன்று ஆண்டில் இரண்டு முறை பேட்டரி மாற்றிய காரணம் அப்போதுதான் மாமாவுக்கு விளங்கிற்று. அந்தப் பழைய எலக்ட்ரீசியனைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் 1,500 ரூபாய். செட்டின் பின்னாலுள்ள பியூஸ் 10 ஆம்பியர் என்பதால், எழுத்தில் 20 போட்டிருப்பதை வாங்கினோம். எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. மலிவான கன்வெர்ட்டரைக் கையில் எடுத்து எடை பார்ப்பது ஒரு நாட்டு வழி. உலோக உடலும் வெப்பம் கடத்தும் துடுப்புகளும் இல்லாமல் பிளாஸ்டிக்கில் வருவது பெரும்பாலும் எஃப்எம்மில் இரையும். பேட்டரியிலிருந்து வரும் வயர் நான்கு சதுர மில்லிமீட்டர் செம்பு. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. செட்டுக்கு அருகில் பியூஸ் வைத்துவிட்டு, நடுவில் வயர் தேய்ந்து பாடியைத் தொட்டால் எரிவது வயர்தான், பிறகு வண்டி. ஸ்பீக்கர் வயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டாமல் எதிர்ப்பக்கமாக இழுத்தோம். இல்லையேல் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு கீச்சொலி கூடவே பாடும்.

*

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. கதவின் கீழ்ப்பகுதியில் வைப்பது வழக்கம். உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் போவது. கதவடியில் வைத்தால் மெய்யெழுத்துகளெல்லாம் ஓட்டுநரின் முழங்காலுக்குச் சென்று சேரும். மாமாவின் வண்டி உள்ளூர்ப் பட்டறையில் கேபின் கட்டிய பழைய வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே நீள மரப்பலகை, அதில் ஆஞ்சநேயர் படம், குலதெய்வம், ஊதுபத்திக் குழல். அந்தப் பலகையின் இரு முனைகளிலும் சாய்வாக, முகத்தைப் பார்த்தபடி வைக்கலாம் என்றேன். சாமி பக்கத்தில் சத்தப்பெட்டியா என்று மாமா தயங்கினார். திருவிழாவில் குழாய் எங்கே கட்டுகிறார்கள் என்று க்ளீனர் பையன்தான் கேட்டான். அதோடு முடிந்தது.

கூம்பு முன்னே வரும்போது முன்புறக் காற்று நெருங்கும், பின்புறக் காற்று விலகும். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். வெறும் ஸ்பீக்கரைக் கம்பியில் தொங்கவிட்டால் தகரக்குரல் வருவது இதனால்தான். எனவே பாடி கட்டும் ஆசாரி ஒருவரிடம் பிளைவுட்டில் இரண்டு சிறு பெட்டிகள் செய்து, ஓரங்களில் பசை தடவிக் காற்றுப் புகாமல் அடைத்தோம். ஆசாரி ஸ்பீக்கர் பெட்டி என்றதும் பின்பக்கம் வட்டமாகத் துளையிடக் கிளம்பிவிட்டார். வேண்டாம் என்று தடுக்கச் சற்று நேரம் ஆயிற்று.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்த பொருள் ஒலிக்கருவிக் கடையில் கிடைப்பதல்ல. கதவின் ரப்பர் பீடிங். காய்ந்து, பல இடங்களில் இல்லாமலே இருந்தது. எஞ்சின் மூடியின் மேல் விரிப்பும் நைந்து, தகரம் தெரிந்தது. புதிய பீடிங், எஞ்சின் மூடிக்குத் தடித்த கம்பளியும் ரெக்சினும், தரைக்கு ரப்பர் பாய். கைப்பேசியில் இரைச்சலை அளக்கும் செயலி ஒன்றை வைத்துப் பார்த்தேன். துல்லியம் என்று சொல்ல மாட்டேன், முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். சன்னல்களை முக்கால் ஏற்றி அறுபதில் ஓட்டும்போது 84 காட்டியது 79க்கு இறங்கியது.

அந்த ஐந்து டெசிபலின் மதிப்பு இதுதான். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் பரிந்துரைப்படி 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். மூன்று கூடினால் காலம் பாதி: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று. இரைச்சலைவிடப் பேச்சு பத்து டெசிபலாவது மேலே இருந்தால்தான் சிரமமின்றிப் புரியும். 84 இரைச்சலில் கதை கேட்க 94 வேண்டும். ஒரு மணி நேரக் கதை. 79 இரைச்சலில் 89 போதும். மூன்று மணி நேரத்துக்கும் மேலே. அரசு புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனத்தைக் கட்டாயமாக்கியதை எல்லோரும் வெப்பத்தோடு மட்டும் சேர்த்துப் பேசினார்கள். சன்னலை மூடி ஓட்டலாம் என்பது காதுக்கும் ஒரு சலுகை. மாமாவின் பழைய வண்டிக்கு அது இல்லை.

மொத்தம் 9,700 ரூபாய் ஆயிற்று. இதில் பீடிங்கும் விரிப்பும் பெட்டிகளும் சேர்த்துச் சுமார் 1,300. மீதி வயர், பியூஸ், எலக்ட்ரீசியன் கூலி எல்லாம் சேர்ந்து ஐந்நூறு. அவர் தெரிந்தவர் என்பதால் குறைத்துக்கொண்டார். செட்டின் ஒலியளவு எண் 22ஐத் தாண்டக்கூடாது என்று அத்தை உத்தரவு. இரவில் அழைத்து எண் என்ன என்று கேட்கிறார்.

வண்டி ஓட்டத்தில் முப்பது சொல்லையும் மறுபடி போட்டோம். இருபத்திரண்டு. தவறிய எட்டில் ஆறு தகரமும் சகரமும் வரும் சொற்கள். அவை ஒலிபெருக்கியில் இருக்கின்றன, எனக்கும் பையனுக்கும் தெளிவாகக் கேட்கின்றன. மாமாவின் 4000 ஹெர்ட்ஸ் பள்ளத்தில் விழுந்துவிடுகின்றன. செட்டில் மேல் ஒலியைச் சற்றுக் கூட்டிப் பார்த்தேன். ஒன்று கூடிற்று. அதற்கு மேல் கூட்டியபோது பையன் காதைப் பொத்திக்கொண்டான். ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச்சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

சென்ற வாரம் மாமா அழைத்தார். ஆழ்வார்க்கடியான் இப்போது ஆழ்வார்க்கடியானாகவே விழுகிறாராம். ஆனால் புதிய குறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்: வாசிப்பவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறார். "வந்தானா வரலியான்னு தெரிய மாட்டேங்குது மாப்ளே. உங்க காலேஜுல நிறுத்தி நிதானமாப் படிக்கிற புள்ளைக யாராச்சும் இருந்தா, ரெண்டாம் பாகத்துல இருந்து புதுசாப் படிச்சு ஏத்திக் கொடேன்." மாணவியிடம் கேட்டிருக்கிறேன். பருவத்தேர்வு முடியட்டும் என்றிருக்கிறார்.